மூன்று வேலியும் ஒரு வாய்க்காலும்

நடிகர் மருதையன் தம் அறுபத்தாறு வயதுக்குள் நூற்றுப் பதினான்கு முறை பண்ணையாராக இருந்திருக்கிறார். அவர் பேரில் ஒரு குழி நிலம் ஒருநாளும் இருந்ததில்லை. இந்த இரண்டில் எதை நம்புவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு கடைசியில் ஓர் அரசு அலுவலகத்திடம் போய்ச் சேர்ந்தது. அந்த அலுவலகம் அவசரப்படவில்லை. நன்றாக யோசித்துத்தான் தீர்மானித்தது.

திருவாரூருக்குத் தெற்கே கீழப்பொன்னவாரி அவர் ஊர். அப்பா வீரையன், பெரிய பண்ணையில் ஆள். கூலிக்கும் நிலத்துக்குமாக ஊருக்கு ஊர் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒரு நாடகம் போட்டது. அதில் போராளியாக நடிக்க இருபது பேர் முன்வந்தார்கள். பண்ணையாராக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை, பெண்கள் சாணி வீசுவார்கள் என்ற பயம். மருதையனுக்கு நல்ல உயரம். மீசையும் சொன்னபடி கேட்டது. "நீ போய் நில்லு, போதும்" என்று சங்கத்துக்காரர்கள் மேடையில் ஏற்றிவிட்டார்கள். முதல் சாணியை வீசியது அவருடைய சொந்த அத்தை. அது மீசையில் பட்டும் அவர் அசையாமல் நின்று, "எவ அவ?" என்று கேட்டார். கொட்டகை கப்சிப். அந்த இரண்டு சொல்லில் அவருடைய தலையெழுத்து முடிவாகிவிட்டது.

அதன்பின் சென்னை. கூட்டத்தில் நின்றார், ஜமீன்தாருக்குப் பின்னால் நின்றார், ஜமீன்தாராகவே உட்கார்ந்தார். தொலைக்காட்சி வந்ததும் ஊஞ்சலில் உட்கார வைத்தார்கள். ஒரே ஒரு முறை ஓர் இயக்குநரிடம், "ஏழையா ஒரு வேஷம் குடுங்க சார், நல்லா செய்வேன்" என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்கு அந்த முகம் இல்லையே சார்" என்று வருத்தத்தோடு பதில் வந்தது. கடைசியாக 'கோமளம் வீட்டு வாசல்' என்ற தொடரில் சாரநாதப் பண்ணையாராக ஆயிரத்து நூறு பாகம் வாழ்ந்தார். இருபது வேலி நிலத்துக்குச் சொந்தக்காரர். ஆயிரத்து நூறு பாகத்திலும் ஒரு வயல்கூடக் காட்டப்படவில்லை. சேற்றில் கேமரா இறங்காது என்றார்கள்.

தொடர் முடிந்ததும் ஊருக்கு வந்தார். தங்கை அம்சம் மட்டும்தான் அங்கே மிச்சம். புருஷன் போய்ப் பத்து வருஷம். பிள்ளை இல்லை. அவளுக்கு இருந்தது மூன்று மா நிலம், அதாவது ஓர் ஏக்கர். சண்டையெல்லாம் ஓய்ந்தபின், உச்சவரம்புக்கு மேல் எடுத்த நிலத்தில் வீரையனுக்கு அரசாங்கம் ஒப்படைத்தது அது. வீரையன் செத்து இருபது வருஷமாகியும் பட்டா அவர் பேரிலேயே இருந்தது. "செத்தவங்க பேருல இருக்கிற ஒப்படை நிலத்தையெல்லாம் திரும்ப எடுக்கப்போறாங்களாம்" என்று ஊரில் பேச்சு. பட்டாவை அம்சம் பேருக்கு மாற்ற வேண்டும். அண்ணன் வந்திருக்கிறார், நாலு பேருக்குத் தெரிந்த முகம், காரியம் சுலபமாக முடிந்துவிடும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முகம் தெரிந்ததால்தான் எல்லாம் நடந்தது.

உபரி நிலம் கண்டறிதல் மற்றும் நிலமற்றோர்க்குப் பகிர்ந்தளித்தல் தனிப் பிரிவு என்பது, ஒப்படை நிலத்து மனுக்களை வாங்கும் அந்த அலுவலகத்தின் முழுப்பெயர். பலகை போதாமல் பெயரின் கடைசிப் பகுதி சுவரில் எழுதப்பட்டிருந்தது. எதிரே வேப்பமரத்தடியில் மனு எழுதித் தருகிற காதர் மைதீன் உட்கார்ந்திருப்பார்.

"எல்லை சொல்லும்மா. எல்லை இல்லாத மனு நிக்காது" என்றார் அவர்.

"எல்லை என்னங்க எல்லை. ரோட்டோரம். ஆடு எறங்குதேன்னு கருவ முள்ளை வெட்டி மூணு பக்கமும் வேலி அடைச்சிருக்கேன். நாலாவது பக்கம் வாய்க்கா."

காதர் மைதீனுக்கு மொழியில் ஆசை உண்டு. 'மேற்படி நிலமானது மூன்று வேலியும் ஒரு வாய்க்காலும் உடையது' என்று எழுதி வாசித்துக் காட்டினார். அம்சத்துக்குக் கேட்க அழகாக இருந்தது. மருதையன்கூடத் தலையசைத்தார்.

மனுவை வாங்கியவர் எழுத்தர் ரெத்தினம். மா, குழி, வேலிக் கணக்குத் தெரிந்த கடைசி ஊழியர் தான் ஒருவரே என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. ஏக்கர், ஹெக்டேர் படித்துவிட்டு வந்த பிள்ளைகளைக் கண்டால் இரக்கப்படுவார். மனுவை ஒருமுறை படித்தார். மருதையன் முகத்தை ஒருமுறை பார்த்தார். எழுந்து நின்றார்.

"ஐயா, நீங்க ஏன் வரிசையில நிக்கிறீங்க? சொல்லிவிட்டிருந்தா நான் வீட்டுக்கே வந்திருப்பேனே!"

ஒரு வாரத்தில் வந்தது பட்டா இல்லை. அறிவிப்பு. 'குடும்பத் தலைவர்: மருதையன் என்கிற சாரநாதப் பண்ணையார். உடன் வசிக்கும் சகோதரி: அம்சம். தங்கள் மனுவில் தாங்களே ஒப்புக்கொண்டபடி தங்கள் வசமுள்ள மூன்று வேலி நிலம் உச்சவரம்புக்கு மேற்பட்டதாகையால், ஏன் உபரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் கூறவும்.'

அம்சம் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நான் போட்ட முள்ளு எப்புடிண்ணே நெலமாச்சு?"

ஒரு வேலி என்றால் இருபது மா. மூன்று வேலி அறுபது மா. இருபது ஏக்கர். அவள் சொன்னது கருவ முள். அரசாங்கம் கேட்டது இருபது ஏக்கர்.

அடுத்த நாளே ஓடினார்கள்.

"அது அளவு இல்லைங்க, வெறும் முள்வேலி" என்றார் மருதையன்.

ரெத்தினம் மனுவை எடுத்து விரல் வைத்துக் காட்டினார். "முள்வேலின்னு எங்கய்யா இருக்கு? வேலின்னுதான் இருக்கு. முள்ளு எங்க, காட்டுங்க."

"ஆடு வராம இருக்க அடைக்கிறதுங்க."

"இது டெல்டா. மத்த ஜில்லாவுலதான் வேலின்னா முள்ளு. இங்க வேலின்னா வேலி. எனக்குத் தெரியாததாய்யா?" குரலைத் தாழ்த்தினார். "அதுவும் உங்களுக்கு இருபது வேலி. மூணுதான் காட்டியிருக்கீங்க. நான் அதைப் பத்தி ஒண்ணும் எழுதல. உங்க மேல மரியாதை."

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தனி அலுவலர் ஐயாவு வெளிமாவட்டத்துக்காரர். நேர்மையானவர் என்று பெயர். யாரிடமும் கை நீட்டாதவர், யார் சொல்வதையும் கேட்காதவர். அவர் அறையில், இலவசமாகக் கொடுத்தது போக மிஞ்சிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று தயாராக இருந்தது. அலுவலகம் முழுவதும் நாற்காலிகளோடு உள்ளே வந்து உட்கார்ந்தது. 'கோமளம் வீட்டு வாசல்' இருநூற்றுப் பதினான்காம் பாகம் ஓடியது. ஊஞ்சலில் இருந்த மருதையன் துண்டை உதறி, "இருபது வேலிடா! கண்ணுக்கெட்டுன தூரம் எனக்குடா!" என்றார்.

ஐயாவு பெட்டியை நிறுத்தினார். "இது உங்க குரலா?"

"என் குரல்தாங்க. ஆனா வசனம்."

"சொன்னது நீங்களா, இல்லையா?"

"எழுதிக் குடுத்தாங்க, சொன்னேன்."

"மனுவையும் எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு மட்டும் நீங்க பொறுப்பு, இதுக்கு இல்லைன்னா எப்படி?" அலுவலகம் தலையாட்டியது. "பாருங்க, எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. நான் கோப்பை வச்சுத்தான் பேசுவேன். கோப்புல இல்லாத முள்ளு என் கால்ல குத்தாது. இருநூத்திப் பதினாலாம் பாகத்துல இருபது வேலி. நானூத்தி ஆறாம் பாகத்துல, 'பத்து வேலியைத் தங்கச்சி பேருக்கு எழுதிட்டேன்'னு சொல்றீங்க. இவங்கதானே தங்கச்சி?"

"அந்தத் தங்கச்சி வேற நடிகைங்க. கேரளாக்காரங்க."

"அப்ப ரெண்டு தங்கச்சி" என்று ஐயாவு எழுதிக்கொண்டார்.

அம்சத்துக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, எங்கப்பன் பண்ணையில ஆளா கெடந்தவன். நான் ஏழு வயசுல களையெடுக்கப் போனவ. என் கையப் பாருங்க!"

ஐயாவு கையைப் பார்க்கவில்லை. ஆனால் நியாயமானவர் அல்லவா, அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வீரையன் பண்ணையாளாக இருந்தார் என்று அந்தப் பண்ணையிடமே சான்று வாங்கி வந்தால் பரிசீலிக்கலாம் என்றார். பதினைந்து நாள் தவணை.

பெரிய பண்ணை வீடு நாலு மைல் தள்ளி. அங்கே இப்போது இருந்தவர் பேரன் சுந்தரவதனம். ஆளுங்கட்சியின் ஒன்றியத் துணைச் செயலாளர். அந்த வீட்டு வாசலுக்கு உள்ளே மருதையன் அதுவரை போனதில்லை. அன்று சுந்தரவதனமே கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். அவருடைய தாயார் பிரகதாம்பாள் கதவோரம் வந்து, மருதையனைப் பார்த்ததும் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு மரியாதையாக நின்றாள்.

"உங்களைப் பார்க்காம எங்க வீட்ல சோறு எறங்காதுண்ணே. அம்மா உங்களைப் பார்த்து அப்படியே எங்க தாத்தாம்பாங்க."

"அவரைப் பார்த்துத்தான் தம்பி கத்துக்கிட்டேன்" என்றார் மருதையன். பிறகு விஷயத்தைச் சொன்னார். "எங்கப்பா உங்க பண்ணையில வேலை செஞ்சாருன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

சுந்தரவதனம் மிகவும் சங்கடப்பட்டார். "எழுதலாம்ணே. ஆனா அப்படி எழுதுனா பண்ணைன்னு ஒண்ணு இருந்துச்சுன்னு ஆயிடுமே? எங்களுக்குத்தான் நெலமே கிடையாதே."

அவர் பொய் சொல்லவில்லை. உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்று தெரிந்ததும் தாத்தா எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார். பள்ளிக்கூடமில்லாத ஒரு கல்வி அறக்கட்டளைக்குக் கொஞ்சம், இறந்துபோன சித்திக்குக் கொஞ்சம், அப்போது இன்னும் பிறக்காத பேரன்மார்களுக்குக் கொஞ்சம், வில்வண்டி மாடுகள் இரண்டின் பராமரிப்புக்குக் கொஞ்சம். பின்னாளில் பேரன்மார்களின் பங்கும் அறக்கட்டளைக்கே போனது. விளைச்சல் மட்டும் பழைய வழக்கப்படி இந்த வீட்டுக்கே வந்தது. காகிதத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கால் வைக்க இடமில்லை. நிலம் இல்லாத வீட்டில் பண்ணையாள் எப்படி இருந்திருக்க முடியும்?

"எங்கப்பா முதுகுல சவுக்குத் தழும்பு இருந்துச்சே தம்பி."

"இருந்திருக்கும்ணே. அதுக்குப் பட்டா இல்லையே." சுந்தரவதனம் உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டு, ஒரு காப்பி சொன்னார். அது வெள்ளி டம்ளரில் வந்தது.

வெளியே ரோட்டில் நின்றிருந்த அம்சம் கேட்டாள். "குடுத்தாங்களா?"

"காப்பி குடுத்தாங்க."

"அண்ணே, டிவியில நீ அடிச்ச அடியெல்லாம் இப்பத்தான் எனக்கு வந்து விழுவுது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ்ஸில் திரும்பினார்கள். கண்டக்டர் மருதையனிடம் டிக்கெட் கேட்கவே பயந்தார்.

சான்று இல்லாமல் போகவே, நிலத்தை அளக்க உத்தரவானது. சங்கிலியோடு நான்கு பேர் வந்தார்கள். ரெத்தினம் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். மூன்று பக்கமும் முள்ளைச் சுற்றி வந்தார்கள். நாலாவது பக்கம் வாய்க்காலில் கால் கழுவினார்கள். நிலம் மூன்று மாதான் இருந்தது. திரும்பவும் அளந்தார்கள். அதே மூன்று மா.

"பார்த்தீங்களா!" என்றாள் அம்சம். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு அளக்க வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள்.

அறிக்கை இப்படி வந்தது: 'மனுதாரர் ஒப்புக்கொண்ட அறுபது மாவில் மூன்று மா மட்டுமே சம்பவ இடத்தில் காணப்பட்டது. மீதி ஐம்பத்தேழு மா மறைக்கப்பட்டுள்ளது. வேலியில் புதிய முள் காணப்படுவதால் மறைப்பு அண்மையில் நிகழ்ந்ததாகக் கருதலாம்.' அரசுக்கு நிலத்தை மறைத்ததற்காக அம்சம் மேல் வழக்குத் தொடரவும், நிரூபணமானால் ஆறு மாதச் சிறைக்கும் பரிந்துரை இருந்தது.

மருதையன் தனியாகப் போய் ஐயாவுவைப் பார்த்தார். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை.

"என் தங்கச்சிய விட்ருங்கய்யா. அவ ஒண்ணும் அறியாதவ."

ஐயாவு கோப்பை மூடி வைத்தார். அவர் பேசியதைப் பிறகு மருதையன் வரி மாறாமல் திரும்பச் சொல்வார். வசனம் மனப்பாடம் செய்கிற பழக்கம் அவருக்கு. "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. எனக்கு ஒரு கஷ்டம் இருக்கு. இந்த ஆபீஸ் தொறந்து மூணு வருஷம். பெயரு நிலம் கண்டறிதல். இந்தத் தாலுகாவுல நெலம் வச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் நெலம் இல்லாதவங்கன்னு சர்ட்டிபிகேட் வச்சிருக்காங்க. நெலம் இருக்குன்னு தானா வந்து எழுதிக் குடுத்தது உங்க தங்கச்சி ஒருத்தங்கதான். நான் அவங்களை விட்டா யாரைப் பிடிக்கிறது? நிறைவு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. பந்தல் போட்டாச்சு. குடுக்கிறதுக்கு ஒரு நெலம் வேணும். நீங்க மேடைக்கு வந்து மனமுவந்து கையால குடுத்தீங்கன்னா, அந்த ஐம்பத்தேழு மாவை நான் காணாம விட்டுடறேன்."

"மூணு மாவும் போயிடுமே."

"ஜெயில் இல்லையே" என்றார் ஐயாவு, ஆறுதலாக.

அம்சத்திடம் சொன்னபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஜெயிலுக்கே போறேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் உள்ள போயிட்டா நெலத்தை யாரு பார்ப்பா?" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, அதில் பொருளில்லை என்று அவளுக்கே தெரிந்துபோய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்துடுண்ணே."

விழா பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. மருதையன் படம் போட்ட பதாகை வாசலில் இருபது அடிக்கு நின்றது. 'நிலச்சுவான்தார்களின் நெஞ்சிலும் ஈரம்' என்று எழுதியிருந்தார்கள். கட்சியின் மாவட்டச் செயலாளர் பேசினார்.

"உழுதவனுக்கே நிலம், உழைத்தவனுக்கே பலன் என்று சொன்னோம்! சொன்னதைச் செய்தோம்! செய்ததைச் சொன்னோம்! சொன்னதையே திரும்பச் சொன்னோம்! இந்த மாவட்டத்தில் ஒரு பண்ணையார்கூட மிச்சமில்லை என்ற நிலையை உருவாக்கினோம்! அத்தனை பேரும் நம் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்! எஞ்சியிருந்த ஒரே ஒரு பண்ணையார், அவரும் இதோ, இன்று நம் மேடையில்!"

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. நிலமற்ற ஏழையின் பெயரை ரெத்தினம் ஒலிபெருக்கியில் படித்தார். தாலுகாவிலேயே சான்றுகள் ஒழுங்காக, குறையில்லாமல், மூன்று தலைமுறைக்கு நிலமில்லை என்று பதிவுத்துறை முத்திரையோடு இருந்தது ஒரே ஒரு விண்ணப்பத்தில்தான். சுந்தரவதனம் வெள்ளை வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார்.

மருதையன் கையில் பட்டாவைக் கொடுத்தார்கள். அவர் அதைப் பார்த்தார். கீழே, பெண்கள் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் அம்சம் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கி முன்னால் இருந்தது. நாற்பது வருஷத்தில் யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்றை அன்று அவர் பேசினார்.

"இது என் நெலம் இல்லை. என் தங்கச்சி நெலம். எங்கப்பன் ரத்தம் சிந்தி வாங்குன நெலம். நான் பண்ணையார் இல்லைங்க. நான் பண்ணையாள் மவன். உங்களுக்கெல்லாம் தெரியுமே! யாராவது ஒருத்தர் எழுந்து சொல்லுங்கய்யா!"

குரல் உடைந்தது. கண்ணீர் வழிந்தது.  கூட்டம் எழுந்து நின்றது. விசில் பறந்தது. "என்னா நடிப்புய்யா!" என்று ஒருவர் கத்தினார். ஆயிரத்து நூறு பாகத்தில் ஒருநாளும் இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாவட்டச் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"கேட்டீர்களா! நிலத்தைப் பிரியும்போது பண்ணையார் கதறும் கதறல்! இந்தக் கதறலைக் கேட்பதற்காகத்தான் நாம் ஆட்சிக்கு வந்தோம்!"

சுந்தரவதனம் மருதையன் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, மரியாதையாகப் பிரித்துப் பட்டாவை எடுத்துக்கொண்டார். புகைப்படத்துக்காக அதை இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள்.

அம்சம் எழுந்து நிற்கவில்லை. கை தட்டவும் இல்லை. பக்கத்தில் இருந்தவள், "அழுவாத புள்ள, சும்மா நடிக்கிறாரு" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்கால் நிரம்பியது. சுந்தரவதனம் முள்ளை எடுத்துவிட்டு உழவு ஓட்டினார். நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது அம்சமும் போனாள். அந்த மண்ணில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று வேறு யாருக்குத் தெரியும்? அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்.

காலையில் அவள் சாப்பிடாமல் போய்விட்டாள். பத்து மணி வாக்கில் மருதையன் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். வெயில் ஏறியிருந்தது. துண்டைத் தலையில் போடாமல் தோளிலேயே போட்டிருந்தார். வயலில் ஒன்பது பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரிக்கும் சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது.

அவர் வரப்பில் வந்து நின்றார். சிரிப்பு நின்றது. ஒன்பது முதுகும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தன. கைகள் விரைந்தன. நாற்று விழும் சத்தம் மட்டும் தண்ணீரில் கேட்டது. சேறு தெறித்த ஒன்பது முதுகில் தங்கையின் முதுகு எது என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் தலை தூக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இந்தா முடிஞ்சிடுச்சுங்கய்யா" என்றது ஒரு குரல், குனிந்தபடியே. "இன்னும் ரெண்டு பத்திதாங்கய்யா."

அது அம்சத்தின் குரல்.